சட்டை யாருது, பேர் யாருது?

ராசிபுரத்தில் பட்டுக்குப் பஞ்சம் கிடையாது. தறிச்சத்தம் கேட்டே வளர்ந்த ஊர். அதனால் இங்கே புடவைக் கடைக்குள் நுழைகிற பெண்களை ஏமாற்றுவது ரொம்பக் கஷ்டம். கூடவே போகிற புருஷன்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போன ஐப்பசியில் என் சகதர்மிணி, "எம்.எஸ். ப்ளூ காட்டுங்க" என்றாள். சேல்ஸ்மேன் ஏழு புடவையை உதறிப் போட்டார். ஏழும் எம்.எஸ். ப்ளூதான் என்று சத்தியம் பண்ணாத குறை. ஒன்று மயில் கழுத்து. ஒன்று பள்ளிக்கூட யூனிஃபார்ம். இன்னொன்று சாட்சாத் இங்க் பாட்டில்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏனுங்க, முத்துச் செட்டியார் ப்ளூ இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது புது ஐட்டமுங்க சார். ஸ்டாக் தீந்துருச்சு. அடுத்த வாரம் வந்துரும்!"

விஷயம் தெரியாதவர்களுக்கு: எம்.எஸ். சுப்புலட்சுமி என்றதும் நம் கண்ணில் நிற்கிற அந்த நடுராத்திரி நீலம், காஞ்சிபுரத்துப் பட்டுக்காரர் முத்துச் செட்டியார் அவருக்காகவே உண்டாக்கின நிறம். செட்டியார் எம்.எஸ். பாட்டுக்கு அடிமை. பாட்டுக்குக் கைதட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். இவருக்குச் சாயம் தெரிந்திருந்தது.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அவித்துப் பசையை எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட கால்வாசி எடை அதிலேயே போய்விடும். அப்புறம் கொதிக்கிற தொட்டியில் நூல் கழிகளைப் புரட்டிப் புரட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். கொஞ்சம் கூடினால் கறுப்பு, குறைந்தால் யூனிஃபார்ம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. வெயிலில் ஒரு மாதிரி, மேடை விளக்கில் இன்னொரு மாதிரி. கடைசி வரிசை ரசிகனுக்கு எப்படித் தெரியும் என்பதை, ஆவி அடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றே கணக்குப் போட வேண்டும்.

எம்.எஸ். 1966-ல் ஐ.நா. சபையில் பாடினார். 1998-ல் பாரத ரத்னா. 2004-ல் அவர் மறைந்த பிறகும் அந்த நீலம் கடைக்குக் கடை ஓடுகிறது. நிறத்துக்கு அவர் பேர் வைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் செட்டியார் 'புது ஐட்டம்' ஆகிவிட்டாரே!

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். குடுமியை எடுத்துவிட்டு கிராப், மேலே ஷெர்வானி என்று கம்பீரமாக மேடையேறியவர். அவர் தோடியைப் பேசுகிறவர்கள் ஷெர்வானியையும் பேசாமல் விடமாட்டார்கள். கழுத்து வரை பட்டன் போட்ட உடுப்புக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் நாகஸ்வரம் ஊதுவது என்றால் சும்மாவா? கழுத்துப்பட்டி அரை விரல் இறுகினால் ராகம் பாதியில் நின்றுபோகும். அளவு எடுத்த அந்த மகராசன் யார் என்று எவரும் பேசி நான் கேட்டதில்லை.

சகதர்மிணி எட்டாவது நீலத்துக்குத் தாவியதும் நான் நைசாக நழுவி, நாலு கடை தள்ளி இருக்கிற நம்ம டெய்லர் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். அண்ணன் ஜிகினா கோட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாரியம்மன் பண்டிகைக்குப் பாட வருகிற மெல்லிசைக் குழுவுக்காம்.

"தம்பி, கல்யாண மாப்பிள்ளைக்குத் தைக்கறது சுளுவுங்க. அசையாம நிப்பாரு. பாட்டுக்காரங்க கையைத் தூக்குவாங்க. கை மேல போனா கோட்டும் கூடவே போகுமுங்க. போன வருஷம் எவரோ தைச்ச கோட்டு, மேல் ஸ்தாயில கையைத் தூக்குனாரு பாருங்க, டர்ர்ருனு மைக்குலயே கேட்டுச்சு. ஜனங்க டிரம்ஸுன்னு நெனச்சுக் கைதட்டிட்டாங்க!"

அதற்காக அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கிறார். போடுகிறவருக்கே தெரியாது. எல்விஸ் பிரெஸ்லிக்கு பில் பெலூ என்கிற டிசைனர் சட்டையையும் பேண்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்ததும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். பாட்டுக்கு நடுவே கராத்தே காட்டுகிற மனுஷனுக்குச் சட்டை வெளியே பிதுங்காமல் இருக்க வேண்டுமே!

"மைக்கேல் ஜாக்சன் தெரியுமாண்ணா?" என்றேன். 1988-ல் வந்த 'ஸ்மூத் கிரிமினல்' வீடியோவில் கீழே விழாமல் 45 டிகிரி முன்னால் சாய்வாரே, அதற்குக் கம்பி கட்டினார்கள். மேடையில் கம்பி கட்ட முடியாது. அதற்காக ஒரு ஷூ செய்தார்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு பள்ளம். சரியான நேரத்தில் மேடையிலிருந்து ஓர் ஆணி எழும்பும். காலை முன்னால் தள்ளினால் குதிகால் அதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் சாயலாம். 1993 அக்டோபர் 26-ல் அதற்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்று அதில் மூன்று பேர். ஒருவர் ஜாக்சன். மற்ற இருவர், மைக்கேல் புஷ்ஷும் டென்னிஸ் டாம்ப்கின்ஸும், அவருக்கு உடுப்பு தைத்தவர்கள்.

மிஷின் நின்றுவிட்டது.

"டெய்லர் பேரைச் சர்க்கார் காயிதத்துல போட்டாங்களா?"

"ஆமாண்ணா."

"அவரு பேருக்குப் பக்கத்துலயே?"

"பக்கத்துலயேதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கோட்டைத் திருப்பிக் காலருக்குள் இருந்த கட்டைவிரல் அகல லேபிளைக் காட்டினார். கடைப் பேர். "இதுதானுங்க நம்ம காயிதம். வேர்வை பட்டு ரெண்டே மாசத்துல அழிஞ்சுரும்."

பண்டிகையன்று ராத்திரி மேடையில் நன்றி சொன்னார்கள். மைக் செட், பந்தல், ஜெனரேட்டர், டீ கொடுத்தவர் வரைக்கும். பொறுக்காமல் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அறிவிப்பாளர் நல்ல மனுஷன், கோட்டுத் தைத்த அண்ணன் பேரைக் கடைப் பேரோடு ரெண்டு தடவை வாசித்தார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்று எல்லாரையும் கும்பிட்டார். கும்பிட்ட கை ரொம்ப நேரம் இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனால் கடை வாசலில் ஆறு பேர். தீபாவளிக்கென்று துணி கொடுத்தவர்கள்.

"ராத்திரி முழுக்கக் கச்சேரியில இருந்தீங்களாமே, எம் பேண்ட்டு என்னங்க ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் அப்படியே சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அந்த ஆறு பேண்ட்டில் ஒன்று என்னுடையது.