ரத்தம் சொன்ன பாதிக் கதை

சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. மருமகளுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது, திருப்பதியில் ஒரு லாபில் 'டார்ச்' சோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்ற வரிக்கு எதிரே மட்டும் 'பாசிட்டிவ்'. அது பால்வினை நோய் என்று யாரோ சொல்லிவிட, மாமியாரின் பார்வை மாறியது. கணவர் ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லை.

ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு வகை. (காவி பூசி எழுதுகிறார்களே, அந்த அக்கி இதன் பங்காளி வைரஸால் வருவது, அது வேறு.) முதல் வகை பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றி, உதட்டில் கொப்புளமாக வரும், பலருக்கு வந்ததே தெரியாது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ம் ஆண்டுக் கணக்கு. உடலுறவால் பரவுவது பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஐ.ஜி.எம். சோதனையால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. புதிய தொற்றா, பழையது தலைதூக்குகிறதா என்பதும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை வேண்டாம் என்கிறது. தொடர்ந்து கரு கலைவதற்குக் காரணம் தேட 'டார்ச்' உதவாது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

வகை பிரித்துப் பார்க்கும் ஐ.ஜி.ஜி. சோதனை தேவலாம். அதிலும் எண்ணைப் பார்க்க வேண்டும். 1.1-ஐத் தாண்டினாலே 'பாசிட்டிவ்' என்று அச்சாகிவிடும். 3-க்குக் கீழே இருந்தால் வேறொரு முறையில் உறுதி செய்யச் சொல்கிறது அதே மையத்தின் 2021-ம் ஆண்டு வழிகாட்டுதல். தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது. 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். புண் இருந்தால் அதிலேயே பஞ்சுக் குச்சியால் எடுத்து பி.சி.ஆர். செய்வது உத்தமம்.

ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பெண்களில் 20 பேருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரிடம் சரியாகச் சொல்லும் சோதனைகூட, மீதி 980 பேரில் 49 பேரைத் தவறாக மாட்டிவிடும். உண்மை 20, பொய் 49!

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் வந்தன. எலைசா சோதனையில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. தெரிந்தது. அதோடு விடாமல் அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' முறையில் மீண்டும் சோதித்து உறுதி செய்தார்கள். அந்த வேலூர் சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

இவர்களும் கடைசியில் வேலூருக்குத்தான் போனார்கள். டாக்டர் கணவருக்கும் சேர்த்து ஐ.ஜி.ஜி. எழுதினார். இரண்டாம் வகை இருவருக்கும் இல்லை. முதல் வகை இருவருக்கும் இருந்தது. மகனுக்குச் சின்ன வயதில் ஜுரம் வரும்போதெல்லாம் உதட்டில் கொப்புளம் கிளம்பும் என்பது மாமியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.