விப்பெட்டுக்கு 200 கெஜம் போதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை ஓய்ந்த நேரங்களில் ஊர்த் திடலில் கூடுவார்கள். 200 கெஜம் நீளத்துக்கு நேராக ஒரு பாதை. ஒரு முனையில் ஒருவர் நாயைப் பிடரியிலும் வாலின் அடியிலும் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுமுனையில் நாயின் சொந்தக்காரர் ஒரு கந்தல் துணியை ஆட்டி அதன் பெயரைச் சொல்லிக் கத்துவார். துப்பாக்கி வெடித்ததும் நாயை அப்படியே முன்னால் வீசி விடுவார்கள். அது தரையில் கால் பதிக்கும்போதே பாய்ச்சலில் இருக்கும். பன்னிரண்டு விநாடிக்குள் துணியைக் கவ்வியிருக்கும்.

அந்த நாய்தான் விப்பெட். கிரேஹவுண்டைச் சுருக்கி வார்த்தது போன்ற உடல், ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு. சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உடல்வாகு புதிதாக இருக்காது, உயரம்தான் குறைவு. ஆண் நாயே 51 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது இங்கிலாந்தின் இலக்கணம். ஆனாலும் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். குதிரை வாங்க வழியில்லாத தொழிலாளர்கள் வளர்த்ததால் ‘ஏழையின் பந்தயக் குதிரை’ என்று அதற்குப் பெயர் வந்தது.

இன்று விப்பெட் ஓடும் தூரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க மன்றங்களில் 200 கெஜ நேர்ப்பாதை, அதாவது 183 மீட்டர், இன்னும் மரபாக இருக்கிறது. இங்கிலாந்தில் நேர்ப்பாதை என்றால் சுமார் 150 கெஜம், வளைவுப் பாதை என்றால் சுமார் 240 கெஜம். ஐரோப்பாவின் நீள்வட்ட மைதானங்களில் வழக்கம் 350 மீட்டர். பொய்முயலைத் துரத்தும் திறந்தவெளிப் போட்டிகளை அமெரிக்கக் கென்னல் கிளப் 600 கெஜத்துக்குக் குறையாமல் நடத்துகிறது. இத்தனையிலும் இந்த நாய்க்கு எது பொருந்தும் என்று கேட்டால் பழைய சுரங்க ஊர்களின் கணக்குதான் சரி: நேர்ப்பாதை, 150 முதல் 200 கெஜம். அதற்கு மேற்பட்ட தூரங்களை விதிவிலக்காக மட்டுமே அனுமதிக்க வேண்டும்.

முதல் காரணம் உடல். விப்பெட்டின் பாய்ச்சலில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. முதுகு வில்லாக வளைந்து விரிகிறது. இந்த ஓட்டத்துக்கான ஆற்றலில் பெரும்பங்கு, ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திருக்காமல் தசையிலேயே இருக்கும் சேமிப்பிலிருந்து கிடைக்கிறது. அந்தச் சேமிப்பு சில விநாடிகளுக்குத்தான் தாங்கும். பிறகு தசையில் லாக்டிக் அமிலம் சேரத் தொடங்கும், உடல் சூடு ஏறும். 200 கெஜத்தில் இந்தக் கட்டம் தொடங்கும்போதே பந்தயம் முடிந்துவிடுகிறது. 350 மீட்டரிலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஓடியாக வேண்டும். பின்பாதியைச் சோர்ந்த தசைகளோடு கடக்க வேண்டும்.

இந்த இனம் எதற்காக வடிக்கப்பட்டது என்பதற்கு மரபணுவிலும் சான்று உண்டு. பந்தய விப்பெட்டுகள் சிலவற்றில் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு சிறு இழப்பு இருப்பதை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் ஒரு நகலைச் சுமக்கும் நாய்களுக்குத் தசை கூடுதல், வேகமும் கூடுதல். இரண்டு நகல்களும் வந்து சேர்ந்தாலோ உடல் அளவுக்கு மீறிப் புடைத்துவிடுகிறது. வெடித்துக் கிளம்பும் வேகத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் தடம் இது.

இரண்டாவது காரணம் வளைவு. தூரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் பாதையை வளைத்தாக வேண்டும். வளைவில் மனித ஓட்டக்காரர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். கிரேஹவுண்ட் குறைப்பதில்லை என்று அஷர்வுட், வில்சன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2005-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நெருங்கிய வளைவில் அதன் கால்கள் சுமக்கும் விசை 65 சதவீதம் கூடுகிறது. கிரேஹவுண்ட் பந்தயங்களில் வலது பின்னங்காலின் கணுக்கால் எலும்பு அடிக்கடி முறிவதற்கு, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓடுவது ஒரு முக்கியக் காரணம். விப்பெட் எடையில் குறைந்தது என்றாலும் ஓடும் முறை அதேதான். போதாக்குறைக்கு வளைவின் உட்புறம் பிடிக்க நாய்கள் முண்டும்போது ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்த வளைவு விப்பெட்டின் சொந்த மரபும் இல்லை. 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்தில் இயந்திர முயலின் பின்னால் கிரேஹவுண்டுகள் ஓடின. முதல் பந்தயத்தில் மிஸ்ட்லி என்ற நாய் 440 கெஜத்தை 25 விநாடியில் கடந்தது. சுற்றிலும் அமர்ந்து பார்க்கவும் பந்தயம் கட்டவும் நீள்வட்டம் வசதியாக இருந்தது. அந்த வடிவத்தைத்தான் பிறகு விப்பெட்டுக்கும் பொருத்தினார்கள்.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐரோப்பியப் போட்டிகளில் விப்பெட்டுகள் 350 மீட்டரை ஆண்டுதோறும் நன்றாகவே ஓடி முடிக்கின்றன. ஆனால் அங்கே நாய்க்கு 15 மாதம் நிரம்ப வேண்டும், தகுதி ஓட்டங்களில் தேறி உரிமம் பெற வேண்டும், மைதானத்தில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நாய்க்குச் செய்யும் அநீதி.

முயலைத் துரத்திய இனத்துக்கு 200 கெஜம் எம்மாத்திரம் என்றும் கேட்கிறார்கள். வயலில் முயலைத் துரத்தும் நாய் திரும்பும்போது வேகம் குறைகிறது, தடம் தவறினால் நின்றுவிடுகிறது. நீள்வட்டப் பாதையிலோ இயந்திர முயல் ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

அறிவிப்புப் பலகையில் உள்ள தூரத்தை விட அன்றைய மொத்தத் தூரம் முக்கியம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே நாளில் நான்கு சுற்று ஓடினால் 200 கெஜம் 800 கெஜமாகிவிடுகிறது. களைத்துவிட்டது என்று விப்பெட் தானாக நிற்காது. துணி ஆடினால், முயல் நகர்ந்தால் வலியையும் மறந்து ஓடும். ஆகவே போதும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் மனிதர்களுடையது. வெயில் நாளில் சுற்றுகளைக் குறைப்பதும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மூச்சு சீராகும்வரை நடத்திக் கூட்டிச்செல்வதும் பந்தய நாளின் கட்டாய விதிகளாக வேண்டும்.

மன்றங்கள் செய்ய வேண்டியது தெளிவு. ஒரு வயது நிரம்பாத குட்டிகளுக்குப் பந்தயமே வேண்டாம். எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடியிருக்க வேண்டும். முதல் பருவத்தில் 100 முதல் 150 கெஜம் வரை, அதுவும் நேர்ப்பாதையில் மட்டும். அடுத்த பருவத்தில் 200 கெஜம். வளைவுப் பாதையில் இறங்கும் நாய் மருத்துவச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். புதிதாக மைதானம் அமைப்பவர்கள் கையிலுள்ள நிலத்தை நீள்வட்டமாக வளைப்பதற்கு முன், 200 கெஜ நேர்ப்பாதையும், முடிவுக்கோட்டைத் தாண்டி நாய் வேகம் தணிந்து நிற்கப் போதுமான புல்வெளியும் அதில் அடங்குமா என்று முதலில் அளந்து பார்க்கட்டும்.