காலையில் ஸ்டார்ட் ஆகாத குட்டியானை: குளிரைத் திட்டாதீங்க, கணக்கைப் பாருங்க



மார்கழி பிறந்தாலே மலைப்பக்கம் வண்டி ஓட்டுறவங்க கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி பனியில வண்டி உறைஞ்சு போயிடுது, விடியக்காலம் ஸ்டார்ட் ஆகல. என்ன வாங்கி ஊத்தலாம்?" இந்தப் பதிவை ஜவ்வாது மலையில், குறிப்பாகப் புதூர்நாட்டில், குட்டியானையோ பிக்கப்போ வைத்துப் பிழைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏற்காடு, கொல்லிமலைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஊட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் வேறு, அதை நடுவில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதூர்நாட்டில் வண்டி உறைவதில்லை. வருஷம் முழுக்க எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்த கிழட்டு பேட்டரி மார்கழியில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு நாளைக்கு ஆறு ரூபாய் ஒதுக்கினால் போதும். டப்பாவில் விற்கிற எதையும் வாங்க வேண்டாம்.

குளிர் இல்லை என்று சொல்லவில்லை. அதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. அதை அங்கே வைக்க ஒரு காரணம் தெளிந்த வானம். மேகம் இல்லாத ராத்திரியில் பகலில் வாங்கின சூட்டை நிலம் அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். திறந்தவெளியில் நிற்கிற வண்டியும் விட்டுவிடும். அதனால்தான் விடியக்காலம் பானட்டைத் தொட்டால் கை விறைக்கிறது, கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. ஆனால் அது பனித்துளி, ஐஸ் இல்லை. தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும், நம்ம ஜவ்வாது மலை அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஒரு கூரைக்குக் கீழேயோ, கிளை விரிந்த புளியமரத்தடியிலேயோ நிறுத்தினால் வண்டியின் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. முன்பக்கம் ஒரு தார்ப்பாய் போட்டால் இன்னும் நல்லது. செலவு ஒன்றுமில்லை.

சரி, டீசல் உறையுமா? உறையும், ஆனால் லடாக்கில். அங்கே குளிர்காலத்தில் டீசலில் இருக்கிற மெழுகு கட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும். அதைச் சமாளிக்க மண்ணெண்ணெய் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை இளகி ஓடும் தனி டீசலை அங்கே கொண்டுவந்தது. அந்த ஊர்ப் பிரச்சினையை வீடியோவில் பார்த்துவிட்டு, இங்கே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டி என்றால் பம்பும் இன்ஜெக்டரும் கெட்டுப்போய், பேட்டரி விலையைப் போல் பல மடங்கு பில் வரும். கலப்படம் சட்டப்படி குற்றம் என்பது தனி.

கூலன்ட் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வாக்கில்தான் உறையும். புதூர்நாட்டுக்காரருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் கூலன்ட் ஊற்றுங்க, காரணம் வேறு. அது கொதிக்கிற சூட்டைக் கூட்டுகிறது, உள்ளே துரு பிடிக்காமல் காக்கிறது. மூட்டை ஏற்றிக்கொண்டு திருப்பத்தூரிலிருந்து மலை ஏறுகிறபோது போர் தண்ணி ஊற்றின ரேடியேட்டர் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். உப்பு படிந்து அடைத்துவிடும். ஆக, அது மலை ஏற்றத்துக்கான செலவு. குளிர்காலக் கணக்கில் எழுதாதீங்க. ஊட்டியில் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து வேண்டும். அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி கொட்டுகிறது. வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், இரும்பையே பிளக்கும்.

இப்போ பேட்டரிக்கு வருவோம், பணம் போகிற இடம் இதுதான்.

பேட்டரிக்குள் நடப்பது ஒரு ரசாயன வேலை. குளிரில் அந்த வேலை மெதுவாகும், அதனால் கொடுக்கிற சக்தி குறையும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அதிகக் கரன்ட் தேவைப்படும். (ஆயில் டப்பாவில் 15டபிள்யூ40 என்று போட்டிருக்கிறதே, அந்த 'டபிள்யூ' விண்டர், அதாவது குளிர்காலம்.) வரவு குறைந்து செலவு கூடுகிற மாதம் மாதிரிதான். புது பேட்டரிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மூன்று வருஷம் ஓடின பேட்டரிக்கு 15 டிகிரி குளிரே போதும்.

எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். நாலு பேர் சேர்ந்துகூட வாங்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போடுவதற்கு முன்னால் வைத்துப் பாருங்க. 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கு. 12-க்குக் கீழே போனால் எந்தக் காலையிலும் காலை வாரும். இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அது காட்டவில்லை என்றால் குறை ஆல்டர்னேட்டரில், பேட்டரி மாற்றியும் பிரயோஜனமில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது பேட்டரி வாங்கி, ஒரே மாதத்தில் அதுவும் டவுன் ஆனவர்கள் நிறைய பேர். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுங்க. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அப்புறம் அந்த ஆம்ப்ளிஃபயர், எட்டு எல்.இ.டி. லைட்டு... பாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் யாரு? ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால் காலையில் வண்டி பாடாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க வண்டிக்கு பேட்டரி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் உழைத்தால் ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய், அரை டீ. இதைச் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? சாமை மூட்டை ஏற்றி வைத்தாச்சு, விடியக்காலம் நாலரை மணி, சாவியைத் திருப்பினால் 'டக் டக்'. அன்றைய ட்ரிப் போச்சு. டீசல் போக 1,300 ரூபாய் நிற்கும் என்றால் அது முதல் நஷ்டம். கீழேயிருந்து மெக்கானிக்கும் பேட்டரியும் ஏறி வர 800. கையில் பணம் இல்லாததால் 6,000-ஐ அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாசம் 300, நாலு மாசத்தில் 1,200. மொத்தம் 3,300 ரூபாய், பேட்டரி விலைக்கு மேலே. பாதிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து அதே பேட்டரியைத்தான் வாங்கியிருக்கீங்க. தண்டல் வாங்கினால் இன்னும் மோசம். கையில் 8,500 கொடுத்து, நாளைக்கு நூறாக நூறு நாள் வசூல் செய்தால் வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதில் சேர்க்காத ஒன்று உண்டு. நாலரை மணிக்கு வராத வண்டியை அடுத்த முறை அந்த வியாபாரி கூப்பிடுவாரா?

மலையில் இதற்கு ஒரு இலவச வைத்தியம் இருக்கிறது. ராத்திரி வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது, காலையில் செகண்ட் கியர் போட்டு உருட்டிவிடுவது. இதைப் புத்திசாலித்தனம் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. நான் இதைக் கடன் என்கிறேன். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு பூஸ்டர் உதவி இருக்காது, பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பின்னால் மூட்டை வேறு. ராத்திரி முழுக்க அந்தப் பாரத்தைத் தாங்குவது ஹேண்ட்பிரேக் கேபிள் ஒன்றுதான். கீழே வீடுகள் இருக்கு, பிள்ளைங்க விளையாடுற இடம் இருக்கு. அவசரத்துக்கு ஒருநாள் செய்ததை மூணு மாசம் தொடர்ந்து செய்கிறீர்கள் என்றால், 6,000 ரூபாய் செலவைத் தள்ளிப்போட எதை அடகு வைக்கிறீர்கள் என்று யோசிங்க.

இன்னொரு பழக்கம், 'சூடாகட்டும்' என்று இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது. சின்ன டீசல் இன்ஜின் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், இருபது நிமிஷத்துக்கு 0.2 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 18 ரூபாய் 40 காசு. மாசம் 25 நாள், மூணு மாசம்: 1,380 ரூபாய். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும். அப்புறம் இன்ஜினை முறுக்காமல் மெதுவாகக் கிளம்புங்க, ஓடும்போதுதான் சீக்கிரம் சூடாகும். டீசல் வண்டியில் சாவியைப் போட்டதும் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியும், அது அணைகிறவரை காத்திருந்து பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த சில விநாடியில் உள்ளே குளோ பிளக் சூடேறுகிறது. பொறுமையில்லாமல் உடனே திருப்பித் திருப்பித்தான் பாதி பேட்டரி தீர்கிறது.

"ஆறு ரூபாய் சொல்ல நல்லாத்தான் இருக்கு, டியூ கட்டவே இழுபறி" என்பீர்கள். நியாயம்தான். எல்லா நிதி ஆலோசகரும் ஆர்.டி. போடு என்பார்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாசம் 100 ரூபாயிலிருந்து போடலாம், பாதுகாப்பானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தத் தேவைக்கு அது சரிவராது. அது ஐந்து வருஷத் திட்டம். மூணு வருஷத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. மாசம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். உங்க பேட்டரி ஐந்து வருஷம் காத்திருக்காது, உங்க வருமானமும் மாசம் மாசம் ஒரே மாதிரி வராது. சாமை மூட்டை இறங்கும்போது வரும், பின்னாலேயே புளி வரும், நடுவில் காற்று வாங்கும். அதனால் மாதக்கணக்கை விட்டுட்டு ட்ரிப் கணக்குக்கு வாங்க. ஒவ்வொரு லோடுக்கும் ஐம்பது ரூபாயைத் தனி சேவிங்ஸ் கணக்குக்கு அனுப்புங்க. வீட்டுச் செலவுக் கணக்கிலேயே வைத்தால் அது பேட்டரி ஆகாது, சிக்கன் ஆகிவிடும். 120 லோடில் பேட்டரி வந்துவிட்டது. அதற்கு மேல் சேருவது டயருக்கு. "ஆறு மாசச் செலவை அவசர நிதியாக வை" என்கிற பெரிய அறிவுரையை நானே இந்தச் சேனலில் சொல்லியிருக்கிறேன். வண்டியை நம்பியிருக்கிற வீட்டுக்கு அதற்கும் முன்னால் இந்தச் சின்ன வண்டி நிதிதான் வேண்டும், ஏன்னா வண்டி நின்றால்தான் மற்ற எல்லா அவசரமும் ஆரம்பிக்கும்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா என்றால், தேய்மானத்துக்குக் கொடுக்காது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்து வாங்கியிருந்தால் மலைக்கு மேலே ஆள் வருவார்களா என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய ரேட்டைச் சொல்லிக் கேட்கிற கடையில் பில்லைக் காட்டச் சொல்லுங்க. பழைய பேட்டரியில் ஈயம் இருக்கு, அதற்கும் விலை உண்டு, சும்மா விட்டுட்டு வராதீங்க. அவசரமில்லாமல் ஐப்பசியிலேயே போய் வாங்கினால்தான் இந்தப் பேரமெல்லாம் பேச முடியும். வாங்குகிற அன்றே வாரன்டி கார்டில் தேதியோடு சீல் போட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. வாரன்டியில் எத்தனை மாசம் முழுசாக மாற்றிக் கொடுப்பார்கள், எத்தனை மாசம் தள்ளுபடி மட்டும் என்று பிரித்துப் போட்டிருக்கும். முதல் கெடு முடிகிற தேதியை பேட்டரி மேலேயே பெயின்ட்டால் எழுதி வைங்க. அந்தத் தேதிக்கு ஒரு மாசம் முன்னால் மீட்டரை எடுத்து ஒருமுறை வைத்துப் பாருங்க, 12.2 காட்டினால் அன்றைக்கே கார்டோடு கடைக்குக் கிளம்புங்க.