நாளைக்கு யார் வருகிறார்கள்? இன்றே சொல்லுங்கள்!



மாலை நேரத்தில் வானொலியில் சிறப்பு விருந்தினரை அழைத்து, ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வைத்து, நேயர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வைக்கிறார்கள் அல்லவா, அந்த நிகழ்ச்சிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். நம் பகுதியைப் படிக்கும் சகோதரிகளுக்கு இது உபயோகப்படும். நிலையத்தார் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

"இந்தக் காலத்துல யாரும்மா ரேடியோ கேக்கறாங்க?" என்று கேட்பவர்கள் அடுப்படிப் பக்கமே வராதவர்கள். டி.வி.க்குக் கண்ணைக் கொடுக்க வேண்டும். ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தால் போதும், கை பாட்டுக்கு வெங்காயம் நறுக்கும். சாமி விளக்கு ஏற்றிவிட்டு, பிள்ளைகளை வீட்டுப் பாடம் எழுத உட்கார வைத்துவிட்டு, ராத்திரி டிபனுக்குச் சட்னி அரைக்கப் போகிற நேரத்தில் கூடத்து டி.வி. சீரியலுக்குப் போய்விடும். நமக்கு மிச்சம் இருப்பது அடுப்படி மேடையில் இருக்கும் பழைய டிரான்சிஸ்டரோ, செல்போனில் வரும் எப்.எம்.மோதான். அந்த ஒரு மணி நேரத்தில் டாக்டரும் வக்கீலும் வங்கி மேலாளரும் நம் சமையலறைக்கே வந்து பேசுகிறார்கள். பீஸ் கிடையாது, பஸ் செலவு கிடையாது, டோக்கன் வாங்கிக் காத்துக் கிடக்க வேண்டாம். இப்படி ஒரு வசதி வேறு எதில் இருக்கிறது?

ஆனால் ஒரு குறை. எந்த நாளில் யார் வருகிறார், எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை. ரேடியோவைத் திருப்பினால் விருந்தினர் பாதி பேசி முடித்திருப்பார். "சரி, அடுத்த அழைப்பு" என்பார்கள். என்ன விஷயம் என்று நமக்குப் பிடிபடுவதற்குள் "நன்றி, வணக்கம்" வந்துவிடும். இது சின்ன விஷயம்தானே என்று நினைக்கலாம். சின்ன விஷயம் இல்லை என்பதற்கு எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 1987-ல் கல்யாணம் ஆனவர். அப்பா காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தாத்தா காலத்து நிலம் கொஞ்சம் பாகம் பிரிக்காமலே கிடந்தது. ஒரு நாள் தம்பி வந்து, "ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பட்டுப்புடவை, கையில் கொஞ்சம் பணம். அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அது திங்கட்கிழமை. அன்று சாயந்திரம் எங்களிடம் அவரே சொன்னார்: "எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு எங்க பெரியப்பா அப்பவே சொல்லிட்டாரு. இல்லாத பங்குக்குப் புடவை கெடைச்சா லாபம்தானே?"

புதன்கிழமை மாலை ரேடியோவில் ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். தலைப்பு, பெண்களின் சொத்துரிமை. அந்த அம்மா மிகத் தெளிவாக எடுத்துச் சொன்னார். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சம உரிமை கொடுத்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. பெரியப்பா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரிதான். அதற்குப் பிறகு மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அது 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் எப்போது நடந்தது என்ற பேச்சே அதில் இல்லை. மகள் பிறப்பாலேயே பங்குதாரர். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ, கோர்ட் தீர்ப்பு மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. அப்பா தானே சம்பாதித்த சொத்தாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 முதலே மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. இவ்வளவையும் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தார்.

அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். பதிவான பத்திரத்தைச் சும்மா கிழித்துப் போட முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், தம்பி மேல்தான் வழக்குப் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். "தம்பி மேல கேஸ் போட்டுட்டு நான் எப்படிப் பொறந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?" என்று அக்கா விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையே ரேடியோவில், "வரும் புதன் மாலை, பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்களுக்கு என்ன உரிமை? வழக்கறிஞர் பேசுகிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "ரெண்டு நாள் பொறு தம்பி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அக்கா சொல்லியிருப்பார். கேட்ட பிறகு பங்கை வாங்கிக் கொண்டிருப்பாரா, தம்பிக்கே கொடுத்திருப்பாரா என்பது அவர் இஷ்டம். தெரிந்து விட்டுக் கொடுப்பது வேறு, தெரியாமல் விட்டுக் கொடுப்பது வேறு.

இதில் வேதனை என்னவென்றால், அதே வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சின்னத்திரை நடிகை வந்தார். அவர் வருகிறார், வருகிறார் என்று திங்கட்கிழமையிலிருந்து பாட்டுக்கு நடுவே பாட்டுக்கு நடுவே சொல்லிக் கொண்டே இருந்தார்கள். வழக்கறிஞர் வருவதை மட்டும் அன்று மாலை நிகழ்ச்சி தொடங்கும்போதுதான் சொன்னார்கள். சினிமாக்காரர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் வரட்டும், நாமும் கேட்டுச் சிரிப்போம். நடிகை பேசுவதைத் தவறவிட்டால் ஒரு பேட்டிதான் போகும். வழக்கறிஞர் பேசுவதைத் தவறவிட்டால் நிலமே போகும். எதை அதிகம் அறிவிக்க வேண்டும் என்று நிலையத்தாரே யோசிக்கட்டும்.

வானொலிக்கு இது ஒன்றும் புதிதல்ல. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் 'ரேடியோ நெல்' கதையைச் சொல்வார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி விவசாய நிகழ்ச்சியில் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. ஜனங்கள் கேட்டு, விதைத்து, நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1956-ல் பூனா வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் வானொலிக் குழுக்கள் அமைத்தார்கள். பத்து வாரம், இருபது நிகழ்ச்சிகள். கிராமத்தார் ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, தங்களுக்குள் விவாதித்து, சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். நிலையம் பதில் சொன்னது. ஆண்கள் வயலுக்குச் செய்ததை, பெண்கள் வீட்டுக்குச் செய்யக் கூடாதா?

அப்போதெல்லாம் 'வானொலி' என்ற பெயரிலேயே அகில இந்திய வானொலி ஒரு பத்திரிகை நடத்தியது. நிகழ்ச்சி விவரங்கள் முன்கூட்டியே அச்சில் வந்துவிடும். நாளிதழ்களும் 'இன்றைய வானொலி' என்று போடும். பென்சிலால் கோடு போட்டு வைத்துக் கொண்டு கேட்ட வீடுகள் உண்டு. அந்தப் பத்திரிகை நின்று வெகு காலம் ஆகிவிட்டது. வசதி பெருகிய இந்த நாளில் அறிவிப்பு மட்டும் குறைந்து போனது ஏன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னதாகத் தெரிந்தால்தான் நல்ல கேள்வி கேட்க முடியும். நாளைக்கு இட்லி என்றால் இன்றே அரிசி ஊற வேண்டும் அல்லவா? நேரடி நிகழ்ச்சியில் போன் லைன் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும், பக்கத்தில் மாமியார், கூடத்தில் கணவர். வெள்ளைப்படுதலைப் பற்றியோ, வீட்டில் அடி வாங்குவதைப் பற்றியோ எப்படி வாய்விட்டுக் கேட்பது? பெயரை மாற்றிச் சொன்னாலும் குரல் ஊருக்கே தெரியும். விஷயம் நாலு நாள் முன்பே தெரிந்தால் பெயர் போடாமல் ஒரு அஞ்சலட்டையோ, ஒரு வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிடலாம்.

யார் வருகிறார் என்று முன்பே தெரிவதில் வேறு ஒரு நன்மையும் உண்டு. சில நாள் 'சிறப்பு விருந்தினர்' என்று வருகிறவர் பேசுவதைக் கேட்டால், கடைசியில் அவருடைய மருந்தையோ சீட்டுக் கம்பெனியையோதான் விற்றுக் கொண்டிருப்பார். பணம் கட்டிப் பேசுகிறாரா, நிலையம் அழைத்துப் பேசுகிறாரா என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் நாம் ஜாக்கிரதையாகக் கேட்போம்.

என்ன விஷயங்கள் பேசலாம்? கோலமும் குருமாவும் நமக்குத் தெரியும். அதோடு இவற்றையும் சேர்த்துக் கொள்ளலாம்:

செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். பத்து வயது தாண்டிய பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்? அஞ்சலகத்திலிருந்து ஒருவரை அழைக்கலாம்.

முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பரிசோதனை செய்கிறார்கள். வெட்கப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம். பெரிய டாக்டர் வேண்டாம், பரிசோதனை செய்கிற நர்ஸம்மாவே வந்து, என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும் முன் நமக்கு என்ன நோட்டீஸ் வர வேண்டும்? செல்போனில் ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? காஸ் கசிந்தால் 1906, பெண்களுக்கு ஆபத்தென்றால் 181. இந்த எண்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகாமல், நிதானமாக இரண்டு தடவை சொல்ல வேண்டும். நாம் பேனா தேட வேண்டாமா?

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம். அடித்தால்தான் குற்றமா, சாப்பாட்டுச் செலவுக்குக் காசு தராமல் இருப்பதும் குற்றமா? இதை ஒரு வாரம் முழுக்கப் பேசலாம்.

விருந்தினர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுயஉதவிக் குழுவில் பத்து வருடம் கணக்கு எழுதிய பெண், கணவர் போன பிறகு தனியாகக் கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண், இவர்களும் வரட்டும். அவர்கள் பேசினால் நம்மால் முடியும் என்ற தைரியம் வரும்.

நிலையத்தாருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

1. ஞாயிறு மாலை அந்த வாரத்து விருந்தினர் யார், எந்த நாள், என்ன விஷயம் என்ற பட்டியலை வாசியுங்கள்.

2. தினமும் நிகழ்ச்சி முடியும்போது நாளைய விஷயத்தைச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நினைவுபடுத்துங்கள்.

3. கேள்விகளை முன்னதாகவே வாங்குங்கள். பெயரையும் ஊரையும் சொல்லாமல் படியுங்கள்.

4. சட்டம், மருத்துவம், பணம் பற்றிய பேச்சை மறுநாள் மத்தியானம் மறுஒலிபரப்புச் செய்யுங்கள். வேலைக்குப் போய் லேட்டாக வரும் பெண்களும், அன்று மின்சாரம் போன வீட்டாரும் கேட்பார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் இணைப்பில் வாரா வாரம் பத்து வரி இடம் ஒதுக்கி, 'இந்த வார மாலை வானொலி' என்று இந்த விவரத்தைப் போடக் கூடாதா? அதை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்துக் கொள்வோம். பக்கத்து வீட்டில் பேப்பர் வாங்காதவர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவோம்.

சகோதரிகளே, நீங்களும் உங்கள் பகுதி நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். ஒரு கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடுவார்கள். நூறு வந்தால் நிலைய இயக்குநர் மேஜைக்குப் போகும். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?

– ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.