பறவைக்குச் சரண், கமக்காரனுக்கு?

கார்த்திகை பிறந்ததும் மன்னார்க் கரைக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குவர். வடபுலத்தின் உறைபனிக்கு அஞ்சி, பாரதத்தைக் கடந்து, ஊசிவால் தாராக்களும் நீண்ட கால்களையுடைய கரைப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் வங்காலைச் சேற்று நிலங்களில் வந்திறங்குகின்றன. பூநாரைக் கூட்டம் ஆழமற்ற நீரில் தலைகவிழ்ந்து இரை தேடும் காட்சி, கண்டவர் மறக்கும் காட்சியன்று. இதனைக் காண்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் மனிதர் வருகின்றனர். தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியின் ஓரத்தில் வாகனங்களை நிறுத்தி மணிக்கணக்கில் நிற்கின்றனர். வழக்குக்காக மன்னாருக்குப் போகும் நமது சட்டத்தரணிகளும், கடமைக்காகப் போகும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் அதே தாம்போதியால்தான் போகின்றனர். யன்னலுக்கு வெளியே பார்ப்பவர் அவர்களுள் எத்தனை பேர்?

இந்தப் பாராமுகத்தை வெறும் அசிரத்தை என்று நாம் தள்ளிவிட மாட்டோம். வடக்கின் கிராமங்களில் சரணாலயம் என்ற சொல் இன்று இனிமையாக ஒலிப்பதில்லை. இடப்பெயர்விலிருந்து திரும்பி வந்து, பற்றையை வெட்டித் தன் வயலைத் தேடிய கமக்காரன், அங்கே முதலில் கண்டது எல்லைக்கல்லை என்றால், அக்கல்லுக்கு அப்பால் நிற்கும் பறவையை அவன் எவ்வாறு அன்போடு பார்ப்பான்?

பழைய வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வது நன்று. இக்கரையோரத்துச் சரணாலயங்கள் யாவும் நேற்று முளைத்தவையல்ல. சுண்டிக்குளம் 1938 இல் அந்நியர் ஆட்சியிலேயே பறவைகள் சரணாலயமாயிற்று. கொக்கிளாய் 1951 இலும், கட்டுக்கரைக்குளம் 1954 இலும் அவ்வாறாயின. யுத்தத்தின் இறுதிக் காலத்தில், 2008 இல், 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலை பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றாம்சார் பட்டியலிலும் ஏறிற்று. பின்னர் 2015 யூன் 22 ஆந் திகதியன்று, ஒரே நாளில், சுண்டிக்குளம், இராமர் அணை, நெடுந்தீவு, மடு வீதி ஆகிய நான்கும் தேசியப் பூங்காக்களாயின. அடுத்த ஆண்டில் விடத்தல்தீவைச் சூழ்ந்த 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமாயிற்று.

பெயர்தானே மாறிற்று என்று எண்ணுவோர் உளர். சட்டத்தில் பெயர்மாற்றம் சிறு காரியமன்று. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, சரணாலயம் என்பது தனியார் காணியையும் உள்ளடக்கலாம். அங்கே வேட்டையாடுதலும் முட்டையெடுத்தலும் குற்றம். ஆனால் குடியிருப்பவன் குடியிருக்கலாம், தன் காணியில் விதைப்பவன் விதைக்கலாம், உட்செல்ல எவரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தேசியப் பூங்காவின் நிலை வேறு. அது அரச காணியில் மட்டுமே அமையலாம்; அங்கே அனுமதியின்றி நுழைவதே குற்றம்; அனுமதி பெற்றவரும் பார்வையாளராகவே நுழையலாம். 77 ஆண்டுகளாகச் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகி, எல்லையும் விரிந்து 19,565 ஹெக்டேயரானபோது, அந்நீரேரியை நம்பிய தொழிலாளியின் நிலை சட்டத்தின் கண்ணில் தலைகீழாயிற்று. விருந்தாளிக்கு வாயில் திறந்தது. வீட்டுக்காரன் சீட்டுக் கேட்க வேண்டியவனானான்.

அரச காணியில் மட்டுமே அமையலாம் என்றால் உறுதியுடையவனுக்கு ஆபத்தில்லையே என்று கேட்கலாம். உறுதி கையிலிருந்தால் அது சரி. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் என ஒன்றுண்டு. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை அரசுக்குரியவை என்பது அதன் அநுமானம். கோப்பித் தோட்டத் துரைமாருக்கு நிலம் தேடுவதற்காக வெள்ளையன் இயற்றிய இச்சட்டத்தின் நிழல் இன்றும் நம்மீது விழுகிறது. இருபது முப்பது ஆண்டுகள் வயலைவிட்டு விரட்டப்பட்டிருந்தவனின் நிலத்தில் என்ன வளரும்? காடுதான் வளரும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் அது பச்சையாகத் தெரியும். அப்படத்தை வைத்துக் கோடு கீறுகிற உத்தியோகத்தனுக்கு அது வனம், உழுதவனுக்கு வயல். உறுதியோ இடப்பெயர்வின்போது எந்தப் பங்கரில் தொலைந்ததோ! நிரூபிக்க வேண்டிய சுமையும், அது தொலைந்தவனின் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் இயற்கையைக் காப்பதற்காகத்தான் என்றால், கசப்பை விழுங்கிப் பொறுக்கலாம். விடத்தல்தீவில் நடந்தது என்ன? ஒதுக்கிடமாகிச் சுமார் எட்டு ஆண்டுகளில், 2024 மே மாதத்தில், அதிலிருந்து 168 ஹெக்டேயர் நிலம் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் நீக்கப்பட்டது. காரணம் நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டம். இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் கண்டற்காட்டையும் சதுப்பையும் அழித்துவிட்டு, அங்கேயே பண்ணை வைத்து வளர்ப்பதாம்! எல்லையைக் குறைக்குமுன் சூழல் விளைவுகளை ஆராய வேண்டும் என்ற விதி சட்டத்திலேயே இருக்கிறது. சூழல் காக்கும் சங்கங்கள் இவ்விடயத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றன. அவர்களுக்கு நமது நன்றி உரியது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கமக்காரன் ஒரு ஏக்கரை விடுவிக்கும்படி கச்சேரிக்கும் திணைக்களத்துக்கும் நடந்து செருப்புத் தேய்ந்தபோது அசையாத எல்லைக்கல், முதலாளியின் திட்டம் வந்தவுடன் எவ்வாறு தானாக நடந்தது?

ஆகவே சரணாலயமே வேண்டாம் என்று நம்மிற் சிலர் கூறுகின்றனர். அந்தக் கூற்றோடு நாம் உடன்படோம். கட்டுக்கரைக்குளத்தைப் பார்க்க வேண்டும். அது சரணாலயம், அதுவே மன்னாரின் நெற்களஞ்சியத்துக்கு நீர் வார்க்கும் குளமும் ஆகும். 1954 முதல் ஒரே அலைகரையில் கூழைக்கடாவும் இருக்கிறது, கமக்காரனும் இருக்கிறான். பறவை இருப்பதால் விதைப்பு நின்றதில்லை. வாய்க்காலுக்கு நீர் திறந்ததால் பறவை குடிபெயர்ந்ததுமில்லை. கண்டல் அழிந்தால் முதலில் வெறுங்கையோடு திரும்புவது நமது கடற்றொழிலாளியின் வலை. சதுப்பு நிலம் மூடப்பட்டால் மாரி வெள்ளம் ஏறுவது நமது வயலில். மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றாலைகள் 2020 இல் சுழலத் தொடங்கியபின், பறவையின் வழியும் வெள்ளத்தின் வழியும் என்னவாகும் என்று தீவு மக்களே கேட்கத் தொடங்கினர். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து விலகிக்கொண்ட பின்பும் அக்கேள்வி ஓயவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உலகத்தில் உதாரணம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாக் கரையில், இறகுக்காகப் பறவைகளைச் சுட்டுக் குவித்த காலத்தில், 1903 இல் ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பெலிக்கன் தீவு என்ற சிறு தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கினார். அந்நாட்டின் வனவிலங்குப் புகலிடங்களுக்கெல்லாம் அதுவே மூத்தது. அதன் முதற் காவலன் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டவனல்லன். எதிர்க்கரையில் குடியிருந்து படகு கட்டிய போல் குறோகெல் என்பவர். 1935 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, புகலிடங்களின் வருமானத்தில் ஒரு பங்கை அவை அமைந்துள்ள மாவட்டங்களுக்குக் கொடுக்குமாறு விதித்தது. 1997 ஆம் ஆண்டின் சட்டமோ, ஒவ்வொரு புகலிடத்துக்கும் திட்டம் வகுக்கும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றும், மீன்பிடித்தலும் பறவை பார்த்தலும் அங்கு முன்னுரிமை பெறும் பயன்பாடுகளுள் அடங்கும் என்றும் கூறுகிறது. அங்கும் குறையில்லாமலில்லை, பங்குப்பணம் முழுமையாகக் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு நெடுநாளையது. ஆனால் முறையிடுவதற்கு ஓர் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே அந்த உரிமை எங்கே? மாகாணத்தின் எல்லைக்குள் சூழலைப் பாதுகாத்தலைப் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைப் பட்டியலிலேயே வைத்தது. 2013 இல் நாம் தெரிவுசெய்த வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடத்தப்படவில்லை. சபையில்லாத இடத்தில் கொழும்பின் வர்த்தமானியே சபையாயிற்று.

நாம் கேட்பது அளவோடுதான். யுத்தத்துக்கு முன் பயிரிடப்பட்ட வயல்களும் குடியிருப்புகளும், அவ்வூரவர் முன்னிலையில் அளந்து எல்லைக்கு வெளியே விடப்பட வேண்டும். தலைமுறையாகத் தொழில் செய்த நீரில் தொழில் செய்யும் உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும். காவலரும் வழிகாட்டிகளும் அக்கரையின் பிள்ளைகளாயிருக்க வேண்டும். சுண்டிக்குளத்துக் கடற்றொழிலாளியைவிட அந்நீரேரியை அறிந்தவர் யார்? அனுமதிச்சீட்டின் பணத்தில் ஒரு பங்கு அங்குள்ள பிரதேச சபைக்குச் சேர வேண்டும்.

வயலுக்குரியோர் அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கமநல சேவை நிலையங்களிலுள்ள காணிப் பதிவேடுகளில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பிரதி எடுக்கட்டும். பழைய வரி, உர மானியத் துண்டுகளையும் தேடி எடுக்கட்டும். ஊரின் முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் சத்தியக்கடதாசி பெறட்டும். இவற்றைக் கட்டணமின்றி எழுதிக் கொடுக்க முன்வரும் சட்டத்தரணிகளை மன்னாரிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாம் எதிர்பார்க்கிறோம். அப்பணிக்குப் போகும் நாளில், சற்று முன்னதாகப் புறப்பட்டு, தாம்போதியில் வண்டியை நிறுத்திப் பூநாரைகளையும் பார்த்துச் செல்லுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.