மீன் கடைசியில் வரட்டும்

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் ஒருவருக்காக இல்லத்தில் சில மாற்றங்கள் செய்யப்படுகின்றன. கட்டில் சன்னலோரம் நகர்த்தப்படுகிறது. குளியலறையில் கைப்பிடி பொருத்தப்படுகிறது. தொலைக்காட்சியின் ஒலி தணிக்கப்படுகிறது. அவற்றோடு, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்க ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்தால் என்ன என்ற எண்ணமும் பல குடும்பங்களில் எழுகிறது. நல்ல எண்ணந்தான். ஆயினும் அதைச் செயற்படுத்தும் முறையில் ஒரு மாற்றம் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொட்டியில் முதலில் செடிகள் வேரூன்றட்டும். மீன்கள் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, கடைசியில் வரட்டும்.

மீன் தொட்டி மனத்துக்கு அமைதி தரும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் கேட்சரும் அவருடைய உடனாய்வாளர்களும், பல் அறுவைக்குமுன் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளின் பதற்றம் தணிந்ததை எழுதினர். 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் உள்ள தேசியக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியை மூன்று கட்டங்களில் வைத்து ஆராய்ந்தனர்: மீன்கள் இடப்படாதபோது, சில இடப்பட்டபோது, நிறைய இடப்பட்டபோது. மீன்கள் மிகுந்தபோது பார்ப்போரின் ஆர்வமும் மனநிறைவும் மிகுந்தன. ஆனால் மீன்கள் இல்லாத கட்டத்திலேயே பார்த்தவர்களின் இதயத் துடிப்பு தணியத் தொடங்கியிருந்தது. இவை மருந்துக்கு மாற்று ஆகா. ஆயினும் ஒளிபட்ட நீரும் அதனுள் இருக்கும் பசுமையுமே அமைதியைத் தரவல்லன என்பதை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. ஒரு மாலையில் கடைக்குச் சென்று, கண்ணாடித் தொட்டி, வண்ணக் கூழாங்கற்கள், பிளாஸ்டிக் செடிகள், காற்று பம்ப், நான்கைந்து தங்கமீன்கள் ஆகிய யாவும் ஒன்றாக வாங்கப்படுகின்றன. இரவுக்குள் மீன்கள் நீந்தத் தொடங்கிவிடுகின்றன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நீர் மங்குகிறது. அடுத்த வாரம் ஒரு மீன் மிதக்கிறது. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

மற்ற வீடுகளில் இது ஒரு சிறு வருத்தத்தோடு முடிந்துபோகும். நோயாளி இருக்கும் வீட்டில் அப்படி முடிவதில்லை. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்பார் ஒருவர். இது நல்ல சகுனமாகப் படவில்லையே என்று மற்றொருவர் மனத்துக்குள் அஞ்சுவார். விடியற்காலையில் எவரும் அறியாமல் இறந்த மீனை அகற்றி, அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விடுவதும் உண்டு. கட்டிலில் இருப்பவர் இவற்றையெல்லாம் கவனியாமலிருப்பதில்லை. நாள் முழுதும் அத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தாமே! ஆறுதலுக்காக வாங்கிய பொருள் அச்சத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

அந்த மீன்களின் இறப்புக்கும் அவ்வீட்டாரின் விதிக்கும் எத்தொடர்பும் இல்லை. காரணம் வேதியியலில் உள்ளது. மீன்கள் செவுள்களின் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. குளத்திலும் ஏரியிலும் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்திருக்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை, நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா செவுள்களை அரிக்கிறது. நைட்ரைட் குருதியில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாததாக்குகிறது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. வெப்பம் மிகுந்த, காரத்தன்மை கூடிய நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை இன்னும் கூடும். நம் ஊர்க் கோடையும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இத்தீங்கை மிகுவிப்பன.

இதற்கு விடையாகச் செடிகளைக் கண்டது இன்று நேற்றன்று. லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், கண்ணாடிக் கலத்தில் வாலிஸ்னேரியாச் செடியையும் தங்கமீன்களையும் வளர்த்துப் பார்த்ததை 1850ஆம் ஆண்டு அறிவித்தார். அழுகிய இலைகள் நீரைக் கெடுக்கக் கண்டு அவர் நத்தைகளையும் சேர்த்தார். அதன் பின் அந்தச் சிற்றுலகம் நிலைபெற்றது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நீர்த்தாவரங்கள் பல நைட்ரேட்டைவிட அம்மோனியாவையே விரும்பி உட்கொள்கின்றன என்பதை எடுத்துக்காட்டி, சாதாரண மண்ணில் செடி வளர்க்கும் எளிய முறையை விளக்கினார். செடி அழகுக்காக மட்டும் நடப்படுவதன்று; அதுவே தொட்டியின் சிறுநீரகம் என்றால் மிகையாகாது.

தொடங்குவோர் சிலர், ஜப்பானின் தகாஷி அமானோ உருவாக்கிய நீரடிக் காடுகளின் படங்களைக் கண்டு மயங்குவர். 2015ஆம் ஆண்டு, தம் வாழ்வின் இறுதியாண்டில், லிஸ்பன் நகரில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமுடையது. அத்தகைய அழகு கரியமில வாயுச் செலுத்தல், வலிய விளக்குகள், அன்றாடக் கத்தரிப்பு ஆகியவற்றால் காக்கப்படுவது. நோயாளியைப் பேணும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. நமக்கு வேண்டியது, வாரத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் எவரையும் வேலை வாங்காத தொட்டி.

அதற்கு 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 35 உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. சுமார் 60 லிட்டர் நீர் கொள்ளும். மண், கல், கண்ணாடி ஆகியவற்றோடு மொத்த எடை 80 கிலோவை எட்டும் என்பதால், உறுதியான மேசை இன்றியமையாதது. சிறிய கண்ணாடிக் கிண்ணம் எளிதெனத் தோன்றினாலும் அதில் நீர் விரைவில் கெடும். நேர்வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்து, உரமோ சாணமோ கலவாத தோட்டமண்ணைச் சலித்து இரண்டு சென்டிமீட்டர் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய மெல்லிய சரளையை மூன்று சென்டிமீட்டர் இடவேண்டும். கடல்மணல் கூடாது, அதில் உள்ள சிப்பித்துகள் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல நீர் ஊற்றினால் மண் கலங்காது. குழாய்நீரில் உள்ள குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் நீங்கும். குளோரமின் அவ்வாறு நீங்காது. கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில துளிகள் சேர்ப்பதே பாதுகாப்பு.

செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட வேண்டும். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காகப் பள்ளியில் புனலுக்கடியில் வைத்த ஹைட்ரில்லா நம் நாட்டுச் செடி, வாலிஸ்னேரியாவும் அவ்வாறே. பழுப்பும் பச்சையுமாய் இலைவிடும் கிரிப்டோகோரைன் வெண்டியை இலங்கையின் ஓடைகளுக்கு உரியது. ஜாவா பெரணியையும் அனுபியாசையும் மண்ணில் புதைக்காமல் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவிடலாம். குளங்களிலிருந்து பறித்து வருவதைத் தவிர்த்து, கடையில் வாங்கிக் கழுவி நடுவது நோயாளி உள்ள வீட்டுக்கு நல்லது. சென்னைவாசிகளுக்குக் கொளத்தூரில் இவை எளிதாகக் கிடைக்கும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்று இடைவிடாது இயங்க வேண்டும்.

இனிக் காத்திருக்க வேண்டிய மாதம். இந்நாட்களில் தொட்டி வெறுமையாக இருக்கும் என்று கருதுவது தவறு. முதல் வாரத்தில் நீர் பால்போல் மங்கித் தானே தெளியும். பதறி முழு நீரையும் மாற்றக் கூடாது. பின்னர்க் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். அதுவும் சில வாரங்களில் குறையும். கிரிப்டோகோரைன் இலைகள் கரைந்து உதிரக்கூடும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டா. வேர் உயிரோடிருக்கும், புதிய நீருக்குப் பழகிய இலைகள் அதே இடத்திலிருந்து எழும். ஹைட்ரில்லா ஏறக்குறைய நாள்தோறும் வளர்வது கண்ணுக்குத் தெரியும். விளக்கு ஏற்றிய சில மணி நேரத்தில் இலைகளில் நுண்குமிழிகள் அரும்பும். நாள்கள் ஒன்றுபோலவே கழிகின்ற படுக்கையில், நேற்றுக்கும் இன்றைக்கும் வேறுபாடு காட்டும் ஒரு பொருள் கண்முன் இருப்பது சிறு பயனன்று.

குழந்தைகள் மீன் எங்கே என்று கேட்பார்கள், மூத்தோரும் கேட்பர். இம்முறைக்கு எதிராகச் சொல்லத்தக்க நேர்மையான மறுப்பு இது ஒன்றே. காத்திருப்பே நோயாளியின் வாழ்வாக இருக்கையில் மேலும் ஒரு காத்திருப்பா என்றும் கேட்கலாம். ஆனால் அம்மோனியா, நைட்ரைட் அளவுகளைக் காட்டும் சோதனைத் துளிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாரம் ஒருமுறை குழந்தை அந்தச் சோதனையைச் செய்ய, தாத்தாவோ பாட்டியோ நிறத்தைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதலாம். இரண்டும் சுழியத்தில் நிலைத்து நிற்கும் நாளே மீன் வரும் நாள். பரிசோதனை முடிவுகளுக்காக அஞ்சிக் காத்திருந்த வீட்டில், அஞ்சாமல் காத்திருக்கத்தக்க ஒரு முடிவும் இருக்கட்டுமே.

இம்மருத்துவமனைச் செய்திமடலின் வாசகர்கள் சில எச்சரிக்கைகளைத் தவறாது கருத்தில் கொள்ள வேண்டும். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் நுண்ணுயிர் தொட்டிநீரில் இருக்கக்கூடும். கையில் உள்ள கீறல் வழியே புகுந்து, ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அதற்குப் பல மாதச் சிகிச்சை தேவைப்படலாம். சால்மொனெல்லாவும் நீரில் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே உறுப்பு மாற்று செய்துகொண்டோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், உடலில் வடிகுழாய் பொருத்தப்பட்டோர், ஆறாத புண் உடையோர் தொட்டிநீரில் கை வைக்கலாகாது. தொட்டி வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. பார்ப்பது அவர் பங்கு. நீர் மாற்றுவது மற்றொருவர் பங்கு. அவரும் கையுறை அணிந்து, பின் சோப்பால் கை கழுவ வேண்டும். கழிவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது; வீட்டுச் செடிகளுக்கு அது நல்ல உரம்.

ஆக்சிஜன் கருவி முதலிய மருத்துவச் சாதனங்கள் இணைந்துள்ள மின்பலகையில் தொட்டியின் பம்பையும் விளக்கையும் இணைக்கக் கூடாது. மின்கம்பி பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறினால் நீர்த்துளி மின்சாரத்தை அடையாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே நீரில் கை வைக்க வேண்டும். டெங்குக் கொசு நல்ல நீரிலேயே முட்டையிடும் என்பதால், மீன் இல்லாத அம்மாதத்தில் தொட்டியை நுண்வலையால் இடைவெளியின்றி மூடி வைத்தல் கட்டாயம்.

மீன் வரும் நாளில் ஆறு சிறுமீன்கள் போதும். கடின நீருள்ள ஊர்களில் கப்பியும் மோலியும் நன்கு வாழும்; நடுத்தர நீரில் வரிக்குதிரை டேனியோ துள்ளித் திரியும். தங்கமீன் பெரிதாக வளர்வது, செடிகளைக் கடிப்பது, இத்தொட்டிக்கு ஆகாது. நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். வேண்டாத மீனையும் மிகுந்த செடியையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடலாகாது. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பரவியது இவ்வாறே.

வாரத்துக்கு அரைமணி நேரத்தையும் தர இயலாத அளவுக்கு வீட்டார் களைத்திருப்பார்களாயின், தொட்டியே வேண்டா என்பேன். பேணுவோரின் ஓய்வு அதைவிட மேலானது. சன்னலில் ஒரு துளசித் தொட்டியும் கண்ணுக்குப் பசுமைதான். இயலுமாயின், இன்று செடிகளை மட்டும் வாங்குங்கள். மீன் விற்பவரிடம் ஆறு வாரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள்.