சோடியத்தை ஏன் மெல்ல ஏற்றுகிறார்கள்?

எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு, ‘சோடியம் குறைஞ்சுடுச்சு’. போன வாரம்வரை பேரனிடம் கதை பேசிய பாட்டி இன்று ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், நடை தள்ளாடுகிறது, எழுப்பினாலும் தூங்கி வழிகிறார். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 115 என்று வரும். இருக்க வேண்டியது 135 முதல் 145.

அடுத்த சங்கடம் மருத்துவமனையில் தொடங்கும். ‘உப்புதானே குறைஞ்சிருக்கு, ஒரு பாட்டில் ஏத்தினா தீர்ந்தது. எதுக்கு நாலு நாள் ஐசியூ?’ என்று உறவினர்கள் முணுமுணுப்பார்கள். பில்லை ஏற்றத்தான் இந்த இழுத்தடிப்பு என்ற சந்தேகமும் வரும். அப்படிச் சந்தேகப்பட வேறு இடங்களில் காரணம் இருக்கலாம். சோடியம் விஷயத்தில் அவசரப்படும் மருத்துவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் விடுவதைப் பார்க்காத சமையலறை இல்லை. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். ரத்தத்தில் சோடியம் குறையும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. தண்ணீர் செல்லுக்குள் புக, செல் வீங்குகிறது. உப்பு குறைந்தால் செல் உப்பும் என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடலாம். தாவர செல்லைப்போல மனித செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான். வெறும் தண்ணீரில் போட்ட சிவப்பணு வெடித்துவிடும். மூளைக்கு நெருக்கடி இன்னும் அதிகம். சுற்றிலும் எலும்பு, வீங்க இடமில்லை.

ஆனால் செல் சும்மா இருப்பதில்லை. உப்பத் தொடங்கிய சில நிமிடங்களில் சவ்வில் உள்ள அயனிக் கால்வாய்கள் திறக்கின்றன. புரதத்தால் ஆன நுண்ணிய மடைகள் இவை. ஒரு மடை பொட்டாசியத்தை வெளியே விடும், இன்னொன்று குளோரைடை. பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, செல் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

இப்படியொரு குளோரைடு மடை இருப்பதை 1980களின் இறுதியிலேயே மின்னோட்டத்தை அளந்து கண்டுகொண்டார்கள். அது எந்தப் புரதம் என்பது பிடிபட 2014 ஆனது. அமெரிக்காவில் ஆர்டெம் படபூட்டியன் குழுவும், பெர்லினில் தாமஸ் யென்ட்ஷ் குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே புரதத்தில் வந்து நின்றன. தேடிய விதம் அழகு. அயோடைடு பட்டால் ஒளி மங்கும் ஒரு புரதத்தைச் செல்லுக்குள் வைத்தார்கள். குளோரைடு மடை வழியே அயோடைடும் நுழையும். செல்லை உப்பவைத்து, மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். எதை அடக்கியபோது ஒளி மங்கவில்லையோ, அந்த மரபணு உருவாக்கும் புரதம்தான் மடை. படபூட்டியன் குழு அதற்கு ‘ஸ்வெல்1’ என்று பெயர் வைத்தது. தொடு உணர்வு பற்றிய கண்டுபிடிப்புக்காக 2021இல் நோபல் பெற்றவரும் அவர்தான்.

இந்த மடை குளோரைடை மட்டும் விடுவதில்லை. டாரின் போன்ற சிறு கரிமப் பொருள்களையும் விடும். பாட்டியின் வைத்தியம் இங்கேதான் நுட்பமாகிறது. சோடியம் நாள்கணக்கில் இறங்கியிருந்தால், மூளை செல்கள் சுமார் 48 மணி நேரத்தில் இந்தச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, அதிகம் உப்பாமல் சமாளித்துக்கொண்டிருக்கும். அப்போது ரத்தத்தில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால், தண்ணீர் செல்லை விட்டு வெளியே பாயும். இறக்கிய சரக்கைத் திரும்பச் சேர்க்க செல்லுக்குப் பல நாள் பிடிக்கும். அதற்குள் செல்கள் சுருங்கும்; நரம்பிழைகளின் மேலுறையான மயலின் சிதையும். மூளைத்தண்டில் ஏற்படும் இந்தச் சிதைவை 1959இல் ரேமண்ட் ஆடம்ஸும் சக மருத்துவர்களும் விவரித்தார்கள். வேகமாக ஏற்றிய சோடியத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பின்னர்தான் தெளிவானது. தெளிந்து பேசத் தொடங்கிய நோயாளி சில நாளில் பேச்சிழந்து, விழுங்க முடியாமல், கைகால் அசையாமல் கிடக்கும் கொடுமை அது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்பு இதனால் வந்தது. வலிப்பு வந்தால் முதலில் நான்கைந்து புள்ளியை வேகமாக ஏற்றுவார்கள். அதுவும் அன்றைய கணக்கில்தான் சேரும்.

இதே 115 ஒரு மராத்தான் ஓட்டக்காரருக்கு வந்தால் கதையே வேறு. 2002 பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்துக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களே அதிகம் சிக்கினார்கள். சில மணி நேரத்தில் நடந்த இறக்கம் என்பதால் இவர்களின் மூளை செல்கள் இன்னும் முழுச் சரக்கையும் இறக்கியிருக்காது. வீக்கம்தான் இங்கே எமன். வேகமாக ஏற்றலாம்; நினைவு தப்பினால் ஏற்றியே ஆக வேண்டும்.

இதை உறவினர்களுக்கு விளக்க இரண்டு நிமிடம் போதும். ‘சோடியம் லோ, அப்சர்வேஷன்ல இருக்கணும்’ என்று சொல்லிவிட்டு நகரும் மருத்துவர், முணுமுணுப்பில் பாதியைத் தானே சம்பாதித்துக்கொள்கிறார்.

அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தடுமாற்றம் எந்த நாளில் தொடங்கியது, நீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரை உட்பட என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்ய அந்தத் தேதி வேண்டும். தேதி தெரியாவிட்டால், பல நாளாக இறங்கியது என்றே வைத்துக்கொண்டு மெல்லத்தான் ஏற்றுவார்கள்.